பழங்குடிக் குழந்தைகளின் உடலியக்கத் திறன்: எந்த அட்டவணையை நம்பி அளப்பது?

செங்காந்தள்:

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தை முதல் 10 வயது வரை உடலியக்கத் திறனைப் பதிவுசெய்ய ஒரு படிவம் தயாராகிறது. 2 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு மைல்கற்களும் (உட்காருவது முதல் தனியே நடப்பது வரை) திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையும். 5 வயதுக்கு மேல் கே.டி.கே. என்ற ஜெர்மன் உடல் ஒருங்கிணைப்புச் சோதனை. மூன்று இடங்களில் இடிக்கிறது.

ஒன்று, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. பராகுவேயின் அச்சே பழங்குடிக் குழந்தைகள் 2 வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள், காரணம் காட்டுச் சூழல் என்கிறார்கள். அரிசோனாவின் ஹோப்பி பழங்குடிக் குழந்தைகளைப் பலகையில் வைத்துக் கட்டியே வளர்த்தும் நடை தாமதமாகவில்லை என்கிறார்கள். சூழல் பாதிக்கிறதா, இல்லையா?

இரண்டு, சமவெளியிலும் வெளிநாட்டிலும் செய்த அட்டவணையை இங்கே போட்டால் எந்தெந்த வரியில் பிழை வரும்?

மூன்று, "அவர்கள் வளர்ப்பு அப்படி" என்று விட்டுவிடக் கூடாத அறிகுறிகள் எவை?

களத்தில் செய்யக்கூடியதாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடைவண்டி:

கட்டி வைத்தார்களா, விட்டு வைத்தார்களா என்று மட்டும் பார்ப்பதால்தான் முரணாகத் தெரிகிறது. எந்த மாதத்தில், ஒரு நாளில் எவ்வளவு நேரம், எந்த அசைவு தடைபட்டது என்று பாருங்கள், இரண்டும் ஒரே கதைதான்.

ஹோப்பி பலகைத் தொட்டிலில் பிள்ளையின் கையை உடம்போடு சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டுவார்கள். முதல் மூன்று மாதம் நாளின் பெரும்பகுதி அதில்தான். அரை வயது தாண்டியதும் அந்த நேரம் குறைந்துகொண்டே வரும். பிடித்து நிற்கப் பார்க்கும் வயதில் பிள்ளை தரைக்கு வந்துவிடும். 1940இல் டென்னிஸ் தம்பதி, பலகையைக் கைவிட்டிருந்த ஹோப்பி ஊர்க் குழந்தைகளோடு இவர்களை ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் 15 மாத வாக்கில் நடந்தன.

அச்சேக்களுக்குத் தடை வருவது நடை பழகும் வயதில். காட்டில் தங்கல் என்றால் செடிகொடியை வெட்டி ஒதுக்கிய சிறு இடம். அதற்கு வெளியே பாம்பு, முள், கொட்டும் எறும்பு. பிள்ளையைக் கீழே விட்டால் ஆபத்து, அதனால் இடுப்பிலும் முதுகிலுமாகவே வளரும். கப்லான், டவ் இருவரும் 1987இல் எழுதியபடி நடை வருவது 23 முதல் 25 மாதத்தில். அதே குழந்தைகள் 8, 10 வயதில் உயரமான மரம் ஏறி வெட்டுக்கத்தியால் கிளை கழிப்பார்கள். அப்போது யாரும் அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று சொல்லமாட்டார்கள்.

மூன்றாவதாக கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள். சார்லஸ் சூப்பர் 1976இல் பதிவுசெய்தது இது. தாய்மார்கள் உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குவார்கள். தரையில் சிறு குழி தோண்டி, முதுகுக்குத் துணி அண்டை கொடுத்துப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். உட்காருவதும் நடப்பதும் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக வந்தன. தவழ்வதும் புரள்வதும் அப்படி முந்தவில்லை, அவற்றை யாரும் பழக்கவில்லை. "ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிறவியிலேயே வேகம்" என்ற பேச்சை அடிக்க இந்த ஒரு வரி போதும். பழக்கிய திறன் முந்துகிறது, பழக்காதது தன் நேரத்தில் வருகிறது.

உங்கள் பகுதிக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. யானை வரும் வழியில் உள்ள குடியிருப்பில் பிள்ளையைத் தரையில் விடும் நேரம் குறைவாக இருந்தால், அது அச்சே தாயின் கணக்குதான். படிவத்தில் முதல் கேள்வியாக இதை வையுங்கள்: "நேற்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பிள்ளை தரையில் இருந்த நேரம் எவ்வளவு, தூக்கி வைத்திருந்த நேரம் எவ்வளவு, தூளியில் எவ்வளவு?" பொதுவாக "தரையில் விடுவீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்று என்று கேட்டால்தான் கணக்கு வரும்.

அட்டவணைகளுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவன மைல்கற்கள் 2006இல் வந்தவை. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாட்டுக் குழந்தைகள். இந்தியத் தரவு தெற்கு தில்லியின் வசதியான குடும்பங்களிலிருந்து எடுத்தது. தனியே நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம், தாங்கல் இல்லாமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம். இது சராசரி இல்லை, முதல் சதமானத்திலிருந்து 99ஆம் சதமானம் வரையிலான வீச்சு, அதாவது 100 பிள்ளைகளில் 98 பேர் இதற்குள் வருவார்கள். 13 மாதத்தில் நடக்காத பிள்ளையைத் தாமதம் என்று குறிப்பது அட்டவணையின் பிழை அல்ல, படிப்பவரின் பிழை. கைமுட்டி போட்டுத் தவழாமலே நடந்த குழந்தைகள் அந்த ஆய்விலேயே 4.3% பேர். அதனால் தவழவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். பாப்புவா நியூ கினியின் ஆவ் மக்களிடம் குழந்தைகள் கைமுட்டி போட்டுத் தவழ்வதே வழக்கம் இல்லை. நிமிர்த்தித் தூக்கியே வைத்திருப்பார்கள். பிறகு உட்கார்ந்தபடி நகரும், பிறகு நடக்கும்.

திருவனந்தபுரம் அட்டவணையில் 17 வரிகள். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: மேசை நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பது, கை கொடுத்தால் படி ஏறுவது, பந்து எறிவது, பொம்மையின் உறுப்பைக் காட்டுவது. வீட்டில் நாற்காலியே இல்லாத பிள்ளையிடம் நாற்காலியைப் பிடித்து நில் என்றால்? திண்ணை, மரக்கட்டை, கவிழ்த்த அண்டா, முழங்கால் உயரத்தில் எது அசையாமல் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். படிக்குப் பதிலாக மண்ணில் வெட்டிய படி சரி, ஆனால் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிய வரிகளை ஒரு குறியிட்டுத் தனியாக வையுங்கள், மொத்தக் கணக்கில் சத்தமில்லாமல் கலந்துவிடாதீர்கள்.

பாவுநூல்:

நடைவண்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். நம் படிவங்கள் எல்லாம் ஓடு, குதி, எறி என்று பெரிய அசைவுகளையே எண்ணுகின்றன. அசையாமல் இருப்பதும் உடலியக்கத் திறன்தான்.

மெக்சிகோவின் சியாபாஸ் மலையில் சினகாந்தான் என்ற ஊர், சோட்சில் மொழி பேசும் மாயர்கள். 1969இல் குழந்தை மருத்துவர் பிரேசல்டனின் குழு எழுதியபடி, கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றி, முகத்தை மூடி, தாயின் முதுகிலேயே வைத்திருந்தார்கள். குழந்தைகள் அமைதியானவை, கைகால் உதறல் குறைவு. இயக்க மைல்கற்கள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஒரு மாத அளவு பிந்தி வந்தன, வரிசை மட்டும் மாறவில்லை. இதோடு நிறுத்தியவர்கள் "சற்றுப் பின்தங்கல்" என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில் பெண்பிள்ளைகள் நெய்வது இடுப்புத் தறியில். இதற்குச் சட்டகம் கிடையாது. பாவின் (நீளவாட்டு நூல்களின்) ஒரு முனைக் கட்டையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள், மறுமுனைக் கட்டை ஒரு வாரால் நெய்பவரின் இடுப்பைச் சுற்றி வரும். முட்டி போட்டு உட்கார்ந்து, பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். அதாவது நெய்பவரின் உடம்பே தறியின் ஒரு பாகம். இடுப்பு ஒரு விரற்கடை ஆடினாலும் இழுவிசை மாறும், ஊடை (குறுக்கு நூல்) கோணலாக விழும். மணிக்கணக்கில் முட்டி போட்டு உடம்பை நிதானமாகப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் அசைக்க வேண்டும்.

சிறுமிகளுக்குப் பொம்மைத் தறி உண்டு, 3, 4 வயதிலேயே தொடங்கிவிடும். அதில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. இரு முனைக் கட்டைகளையும் பக்கத்துக்கு ஒரு கயிறாகக் கட்டி இடைவெளியை நிலைப்படுத்தியிருப்பார்கள். அதனால் நூலை நேராகத் தறியிலேயே சுற்றிப் பாவு ஓட்டிவிடலாம். பெரியவர்கள் தறியில் அது முடியாது. தனிச் சட்டத்தில் பாவு ஓட்டிப் பிறகு தறிக்கு மாற்ற வேண்டும், சட்டத்தில் மடங்கிக் கிடப்பது தறியில் விரிந்தால் எப்படி வரும் என்று மனதுக்குள் பார்க்கத் தெரிய வேண்டும். அது பின்னால் வரும். உளவியலாளர் பட்ரீசியா கிரீன்ஃபீல்டு பல பத்தாண்டுகள் இந்த ஊரிலேயே இதைப் பதிவுசெய்தார். முதுகில் அடங்கியிருந்த பிள்ளைக்கும் தறியில் அடங்கி உட்காரும் சிறுமிக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் வாதம். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று தகராறு செய்யலாம், ஆனால் ஓட்டப் பந்தயக் கடிகாரத்தை வைத்து இந்தச் சிறுமியை அளப்பது வீண் என்பதில் தகராறில்லை.

ஆகவே உங்கள் படிவத்தில் "பழங்குடி" என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு. எருமை மேய்ப்பும் பூவேலையும் ஒரு வீட்டில், மண்பாண்டமும் உலைக்களமும் ஒரு வீட்டில், தேனெடுப்பு ஒரு வீட்டில், தோட்டக் கூலி ஒரு வீட்டில். பிள்ளை என்ன கருவியைத் தொட்டு வளர்கிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு. சமூகத்தின் பெயரைவிட, வீட்டில் என்ன வேலை நடக்கிறது, பிள்ளை அதில் எதைச் செய்கிறது என்ற இரண்டு கட்டங்கள் அதிகம் சொல்லும்.

கெண்டைக்கால்:

இயன்முறை மருத்துவப் பக்கத்திலிருந்து மூன்றாவது கேள்விக்கு. மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் "சூழல்" கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பயம். சூழல் ஒரு திறன் வரும் நேரத்தை மாற்றும். வந்த திறனைப் பறிக்காது, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பலவீனமாக்காது. இந்த ஒரு வடிகட்டியிலேயே பாதி பிடிபட்டுவிடும்.

எந்த வீட்டில், எந்தக் காட்டில் வளர்ந்தாலும் உடனே அனுப்ப வேண்டியவை: நடந்த பிள்ளை நடையை விடுவது, பேசிய பிள்ளை பேச்சை விடுவது. 4 மாதம் முடிந்தும் தலை நிற்காதது, கை எப்போதும் முட்டியாகவே மூடியிருப்பது. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது (இதை "வலது கைப் பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது" என்று பெருமையாகச் சொல்வார்கள், மற்ற கை பலவீனமா என்று பாருங்கள்). 9 மாதம் தாண்டியும் உட்காராதது. 18 மாதத்தில் நடக்காதது. ஆண்பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கை ஊன்றி ஊன்றி மேலேறுவது, கூடவே கெண்டைக்கால் பருத்துத் தெரிவது. இது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) குழு வழியாக.

உங்கள் பகுதிக்கென்றே ஒன்று: அரிவாள் அணு இரத்தசோகை என்ற பரம்பரை நோய். இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டதே 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அரை வயதிலிருந்து 2 வயதுக்குள் கையும் காலும் வீங்கி வலிக்கும், பிள்ளை காலை ஊன்றவே மறுக்கும். படிவத்தில் அது "நிற்கவில்லை" என்று மட்டும் பதிவாகும். நிற்காத பிள்ளையின் புறங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பெரிய பிள்ளைக்குத் திடீரென ஒரு பக்கம் விழுந்தால் அது பக்கவாதம், அன்றே மருத்துவமனை.

இடுப்பு மூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையிலோ துணியிலோ கட்டுவது நடையைத் தாமதப்படுத்தவில்லை என்பதால் கேடில்லை என்று ஆகிவிடாது. காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் சரியாகப் பதியாது. ஜப்பானில் 1975 வாக்கில் காலை நீட்டிக் கட்டும் வழக்கத்தை விடச்சொல்லி இயக்கம் நடத்தினார்கள், அதற்குப் பிறகு பிறவி இடுப்பு விலகல் பல மடங்கு குறைந்தது. நம் பக்கம் இடுப்பில் கால் அகட்டி உட்காரவைத்துத் தூக்கும் வழக்கம் மூட்டுக்கு நல்லது, அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

வெறுங்கால் விஷயத்தில் இரு பக்கமும் உண்டு. ராவ், ஜோசப் இருவரும் 1992இல் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதத் தடம் எடுத்தார்கள். செருப்பு போட்டவர்களில் தட்டைப் பாதம் 8.6%, போடாதவர்களில் 2.8%. பாதத்துக்கு மண் நல்லது. அதே மண்ணில் கொக்கிப்புழு இருந்தால் இரத்தசோகை வரும், பிள்ளை ஓடியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல் 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை பாதி, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பதையும் ஹீமோகுளோபின் அளவையும் இயக்கச் சோதனைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் புழுவை அளந்துவிட்டுத் திறன் என்று பெயர் வைப்பீர்கள்.

செங்காந்தள்:

மிகவும் பயன்பட்டது. "நேற்று" கேள்வியும் புறங்கை, பாதம் வரியும் படிவத்தில் ஏறிவிட்டன. கே.டி.கே. மட்டும் மிச்சம். கட்டைகளை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாமா? ஜெர்மன் மதிப்பெண் அட்டவணையை என்ன செய்வது?

நடைவண்டி:

செய்துகொள்ளலாம். நடக்கும் கட்டைகள் மூன்று, ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், அகலம் 6, 4.5, 3 செ.மீ. பின்னோக்கி நடக்க வேண்டும், ஒரு கட்டையில் மூன்று முறை, ஒரு முறைக்கு அதிகபட்சம் 8 அடி எண்ணப்படும். ஆக மொத்தம் 72. ஒற்றைக்காலில் தாண்ட 5 செ.மீ. கனமுள்ள நுரைப்பஞ்சு அடுக்குகள். பக்கவாட்டில் துள்ள ஒரு சட்டம், 15 நொடி, இரண்டு முறை. பலகை மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் நகர இரண்டு சிறு மேடைகள், 20 நொடி, இரண்டு முறை.

எங்கே கெடும்? மழைக்காலத்தில் 3 செ.மீ. கட்டை முறுக்கிக்கொள்ளும். காய்ந்த மரமாக எடுங்கள், அடியில் குறுக்குச் சட்டம் கொடுங்கள், ஒவ்வொரு ஊரிலும் தொடங்குமுன் தரையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் பிள்ளை தோற்றது கட்டையால். மலையில் சமதரை தேடுவது இன்னொரு பாடு. பள்ளி வராந்தாதான் பெரும்பாலும் வழி, ஆனால் ஈரமான வழவழப்புத் தரையில் துள்ளல் சோதனை வேண்டாம். காலில் என்ன இருக்க வேண்டும்? தினமும் எப்படியோ அப்படியே. சோதனைக்கென்று புது ஷூ மாட்டிவிட்டால் அளப்பது ஷூவைத்தான்.

எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினால் பலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிடுவார்கள். அதை "செய்யவில்லை" என்று எழுதுவது அநியாயம். இரண்டு இரண்டு பேராகக் கூப்பிடுங்கள், அவர்கள் பேசும் மொழியில் சொல்லுங்கள், வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள்.

மதிப்பெண்ணுக்கு: 1974ஆம் ஆண்டு ஜெர்மன் அட்டவணையில் போட்டு ஒரு "இயக்க ஈவு" எடுக்காதீர்கள். எத்தனை அடி, எத்தனை துள்ளல் என்ற நேர் எண்ணிக்கையை மட்டும் வைத்து, அதே பகுதிக் குழந்தைகளுக்குள் வயதுவாரியாக ஒப்பிடுங்கள். அதிலும் 30 பேரை வைத்து ஐந்தாம் சதமானக் கோடு போடுகிறவர்கள் உண்டு. 30இல் 5% என்றால் ஒன்றரைப் பிள்ளை. போதுமான பேர் கிடைக்கும்வரை கோடே வேண்டாம், நடு எண்ணும் வீச்சும் போதும்.

யாராவது ஒரு வரியில் தவறினால் அன்றே முடிவு எழுதாமல், அந்த வேலையை வீட்டில் பழகச்சொல்லி மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வாய்ப்பில்லாமல் தவறிய பிள்ளை இரண்டாம் முறை பெரிதாக ஏறும். ஏறாத பிள்ளையை மேலே கெண்டைக்கால் தந்த அறிகுறிப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

கெண்டைக்கால்:

மரம் ஏறுவதைப் படிவத்தில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்து. உகாண்டாவில் தேனுக்காக மரம் ஏறும் ட்வா இன ஆண்களின் கணுக்கால் முன்பக்கமாக 45 பாகைக்கு மேல் மடங்குகிறது. பக்கத்து விவசாயிகளைவிட அவர்கள் கெண்டைத் தசை இழைகள் நீளமானவை. 2013இல் வந்த அளவீடு. சின்ன வயதிலிருந்தே ஏறி இழுத்து இழுத்து வருவது என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே ஏறச்சொல்லாமலே ஒன்றை அளக்கலாம்: குதிகால் தரையில் பதிந்தபடி குத்தவைக்கச் சொல்லுங்கள், எத்தனை நொடி நிற்கிறது, குதிகால் தூக்குகிறதா என்று எழுதுங்கள். ஆபத்தில்லை, கருவி வேண்டாம். நிஜ மரத்தில் ஏறச்சொல்லிச் சோதிக்காதீர்கள். பிள்ளை உங்களுக்குக் காட்டுவதற்காக வழக்கத்தைவிட ஒரு கிளை மேலே போகும்.

பாவுநூல்:

வயதைச் சொல்ல மறந்துவிட்டோம். பிறந்த தேதி ஒரு மாதம் பிசகினால் 17 மாதம் 18 ஆகிவிடும், பிள்ளை கோட்டின் அந்தப் பக்கம் போய்விடும். தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவேடு இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் எந்த மழைக்கு முன், எந்தத் தேன் பருவத்தில், யார் வீட்டுப் பிள்ளைக்கு முன் பிறந்தது என்று கேட்டு மாதத்தைக் கட்டுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு 2 வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் வயது. கணித்த வயதா, அட்டையில் உள்ள வயதா என்று பக்கத்தில் ஒரு எழுத்து போட்டு வையுங்கள், பிறகு தேடவேண்டி வரும்.